கூட்டமும் காணொளியும் – ஒரு சிற்றாய்வு



சென்ற கல்வியாண்டில் நம் துறையின் சார்பில் காணொளிக் கருத்தரங்கு ஒன்று நடைபெற்றது நினைவிருக்கலாம். வெளியூர் அறிஞர் ஒருவர் பேசினார்; நன்றாகவே பேசினார். உரை முடிந்தது, திரை அணைந்தது, அவரவர் வேலையைப் பார்க்கச் சென்றோம். மறுநாள் வகுப்பில் ஒருவர்கூட அவ்வுரையைப் பற்றி வாய் திறக்கவில்லை. அதற்கு முன்பொரு முறை நேரில் வந்து பேசியவர் அத்துணைச் சொல்வன்மை உடையவரல்லர். ஆயினும் அவர் சொன்ன ஒரு கருத்தைப் பற்றி நாங்கள் பேருந்து நிறுத்தம் வரை சண்டையிட்டுக்கொண்டே சென்றோம். நல்ல உரை மறைந்தது. சுமாரான உரை நின்றது. இஃது ஏன் என்று எண்ணிப் பார்த்ததன் விளைவே இக்கட்டுரை.

இணையவழிக் கூட்டம் நேரில் கூடும் கூட்டத்திற்கு ஈடாகுமா என்ற வினாவிற்கு ‘ஆகும்’, ‘ஆகாது’ என்று ஒரு சொல்லில் விடை கூறுவோர் பலர். எந்தக் கூட்டம் என்று முதலில் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. செய்தி சொல்லும் கூட்டம் வேறு. ஒருவரை ஒருவர் நம்பி நிற்கும் கூட்டம் வேறு. இரண்டாம் வகைக் கூட்டம் ஒன்றை நான் சிறுவயது முதல் அருகிலிருந்து பார்த்து வருகிறேன். எனவே பெரிய மாநாடுகளை விடுத்து அதனையே ஆய்வுப் பொருளாகக் கொண்டேன்.

பாறைமேல் ஒரு வகுப்பு

நான் பிறந்து வளர்ந்த தொண்டூர், செஞ்சி வட்டாரத்துச் சிற்றூர். ஊரை அடுத்துக் குன்றொன்று உண்டு. அதன் குகைத்தளத்தில் சமண முனிவர்க்கென வெட்டிய கற்படுக்கைகள் உள்ளன. அங்குள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு கி.பி. 3ஆம் நூற்றாண்டினது என்பர். கல்வெட்டில் வரும் அகழூர் என்பது, இன்றும் சமணக் குடும்பங்கள் வாழும் பக்கத்து ஊராகிய அகலூரே என்று அறிஞர் கருதுகின்றனர்.

ஊர் ஊராக நடந்து திரியும் சமணத் துறவியர், மழைக்காலத்து நான்கு திங்களும் ஓரிடத்தில் தங்குவர். மழையில் முளைக்கும் புல்லையும் ஊரும் சிற்றுயிரையும் மிதித்துவிடலாகாது என்பது அதன் காரணம். அத்தங்கலால் மற்றொரு பயனும் விளைந்தது. தனித்தனியே திரிந்தவர் ஒன்றாக இருந்து படித்தனர். சுற்றூர் மக்கள் அவர்களைத் தேடி வந்து கேட்டனர். துறவியரின் அமைப்புக்கே ‘சங்கம்’ என்று பெயர். கி.பி. 470 அளவில் வச்சிரநந்தி மதுரையில் திராவிட சங்கத்தை நிறுவினார் என்று தேவசேனரின் தர்சனசாரம் கூறுவதை வரலாற்று மாணவர் அறிவர். எங்கள் ஊர்ப் பெண்கள் தம் சுய உதவிக் குழுவை இன்றும் ‘சங்கம்’ என்றே சொல்கிறார்கள். சொல் எவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறது பாருங்கள்!

இக்குன்றை நான் இங்கே கொண்டுவந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. 2020-இல் பள்ளிகள் மூடப்பட்டு இணைய வகுப்பு தொடங்கியபோது என் வீட்டிற்குள் சிக்னல் கிட்டவில்லை. குன்றின் மேல் கிடைத்தது. படுக்கைகளுக்குச் சற்றுக் கீழே ஒரு பாறையில் அமர்ந்து, கைப்பேசியைத் துண்டால் மறைத்து வெயிலைத் தடுத்துக்கொண்டு, மேல்நிலைப் பாடங்களைக் கேட்டேன். கூடி வாழ்ந்தவர்களுக்காக வெட்டிய இடத்தில் நான் ஒருவனாய் அமர்ந்து நாற்பது பேர் வகுப்பில் இருந்தேன். அந்த நாற்பதில் எத்தனை பேர் விழித்திருந்தனர், எத்தனை பேர் கைப்பேசியை வைத்துவிட்டு ஆடு ஓட்டிக்கொண்டு போயினர் என்பது ஆசிரியருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

வெள்ளிக்கிழமைச் சங்கம்

இனி என் தாயாரின் குழுவிற்கு வருவோம். அதற்கு முன் இக்குழுக்கள் தோன்றிய வரலாற்றைச் சுருங்கக் காண்பது நலம்.

1980-களின் நடுப்பகுதியில் கருநாடகத்தில் மைராடா என்னும் தொண்டு நிறுவனம் பெரிய கூட்டுறவுச் சங்கங்களை ஊக்குவித்து வந்தது. 1984–85 அளவில் அவற்றுள் சில உடைந்தன. தலைமையின் மேல் உறுப்பினர்க்கு நம்பிக்கை இல்லை, சங்கமோ பெருத்துவிட்டது. அவ்வேளையில் சிறு சிறு குழுவாகக் கூடி வந்த உறுப்பினர்கள், ‘வாங்கிய கடனை உங்களிடம் திருப்பித் தருகிறோம், அந்தப் பெரிய சங்கத்திடம் தரமாட்டோம்’ என்றனராம். எங்களிடம் தர வேண்டா, உங்களுக்குள்ளேயே வைத்துச் சுழற்றுங்கள் என்று நிறுவனம் விடையளித்தது. சுய உதவிக் குழு பிறந்த கதைகளுள் இது முக்கியமானது. முன்பே ஒருவரையொருவர் அறிந்து நம்பியவர்கள் கூடியதால் குழு நின்றது என்பதே அதில் நாம் கவனிக்க வேண்டுவது.

தமிழகத்தில் 1989-இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தருமபுரி மாவட்டத்தில் மகளிர் குழுக்கள் தொடங்கின. 1992-இல் நபார்டு வங்கி 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் முன்னோடித் திட்டத்தை அறிவித்தது. பின்னர் மகளிர் திட்டம் வந்தது. இன்று குழு இல்லாத சிற்றூர் அரிது.

என் தாயார் இருக்கும் குழுவில் பன்னிருவர். என் தாயார் ஊக்குநர்; பிரதிநிதிகள் இருவர். வெள்ளிதோறும் மாலையில் அம்மன் கோயில் வேப்பமரத்தடியில் வட்டமாக உட்காருவர். முதலில் வருகைப் பதிவு, பிறகு சேமிப்பு, பிறகு கடன் தவணை, பிறகு யாருக்குக் கடன் வேண்டும் என்ற பேச்சு, இறுதியில் தீர்மானப் புத்தகத்தில் கையொப்பம். தாமதமாய் வந்தால் ஐந்து ரூபாய் அபராதம். இவையெல்லாம் புத்தகத்தில் ஏறுவன.

புத்தகத்தில் ஏறாதன சில உண்டு. சிறுவனாய் மடியில் கிடந்து நான் கேட்டவை அவைதாம். கூட்டம் தொடங்குமுன் முருங்கைக் கீரை ஆய்ந்தபடி பேசுவது. ஒருத்தி சேமிப்புப் பணத்தை மூன்று முறை எண்ணினால், இவள் வேறெங்கோ கடன் வாங்கியிருக்கிறாள் என்று மற்றவர்கள் கண்ணால் பேசிக்கொள்வது. வராதவள் வீட்டிற்குத் திரும்பும் வழியில் இருவர் போய் எட்டிப் பார்ப்பது. கடன் வேண்டும் என்று வட்டத்தின் நடுவே யாரும் முதலில் கேட்டதாக எனக்கு நினைவில்லை. கூட்டம் முடிந்து இருவர் இருவராய் இருட்டில் வீட்டிற்கு நடக்கும்போதுதான் அப்பேச்சு எழும். அடுத்த வெள்ளி அது தீர்மானமாக வரும்.

முடக்கம்

2020 மார்ச் 25 முதல் நாடு முழுவதும் பொதுமுடக்கம். மரத்தடியில் கூட இயலாது. சில வாரம் சும்மா இருந்தனர். அப்போது வங்கித் தவணை பற்றிய குழப்பம் வந்தது. மார்ச் 27 அன்று ரிசர்வ் வங்கி மூன்று மாதத் தவணைகளை ஒத்திவைக்க வங்கிகளுக்கு இடமளித்தது. பின்னர் அஃது ஆகஸ்டு இறுதிவரை நீண்டது. ஒத்திவைத்த காலத்திற்கும் வட்டி உண்டு என்பதே விதி. ஆனால் எங்கள் தெருவில் வாட்ஸ்அப்பில் சுற்றிய செய்தியோ ‘கடன் கட்ட வேண்டாம்’ என்பது. பாதிச் செய்தி முழுச்செய்தியைவிட வேகமாகப் பரவும்!

இதைத் தெளிவுபடுத்தவே காணொளியில் கூடலாம் என்று என் தாயார் முடிவு செய்தார்; பொறியாளன் பொறுப்பு எனக்கு. வாட்ஸ்அப்பில் ஒரே அழைப்பில் நால்வரே சேரலாம் என்றிருந்ததை அந்த ஏப்ரல் மாதத்தில்தான் எண்மராக்கியிருந்தனர். எங்களுக்கோ பன்னிருவர்! நால்வர் வெளியே நிற்க வேண்டும். யார் அந்த நால்வர்? நல்ல கைப்பேசி இல்லாதவர் நால்வர் என்பதால் பிரச்சினை தானே தீர்ந்தது என்று அன்று நான் பெருமையோடு சொன்னேன். இன்று அதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. அவர்கள் அண்டை வீட்டாரின் கைப்பேசி முன் முகக்கவசத்தோடு நின்றனர்.

கூட்டம் நடந்தது. வட்டி பற்றிய விளக்கம் நன்றாகவே சென்று சேர்ந்தது. வருகை பதிவாயிற்று. ‘யாருக்காவது அவசரமா கடன் வேணுமா?’ என்று தாயார் கேட்டார். யாரும் பேசவில்லை. ‘கடன் கோருவார் இல்லை’ என்று நானே தீர்மானப் புத்தகத்தில் எழுதினேன். இவ்வாறு ஆறேழு கூட்டம்.

தளர்வு வந்து மீண்டும் மரத்தடியில் கூடிய முதல் வெள்ளிக்கிழமை, எதிர்வீட்டு அத்தை முந்தானையைத் தலையில் போட்டபடி வந்து அமர்ந்தார். பணத்தை வாங்கக் கை நீட்டிய என் தாயார் நிமிர்ந்து பார்த்தார். அத்தையின் காதில் கம்மல் இல்லை. வேப்பங்குச்சி இருந்தது.

கொத்தனார் வேலைக்குச் சென்றுகொண்டிருந்த மாமாவிற்கு மூன்று மாதம் கூலி இல்லை. மே மாதத்திலேயே கம்மலை அடகு வைத்து, அது போதாமல் மேல்வட்டிக்கும் வாங்கியிருக்கிறார். குழுவிடம் கேட்டிருந்தால் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி. அப்போது குழுவின் கையில் பணமும் இருந்தது.

“ஏண்டி, போன்ல அத்தினி வாட்டி கேட்டனே, ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?” என்றார் தாயார்.

“எப்படிக்கா சொல்றது? வூட்டுல மாமனாரு, கொழுந்தனாரு எல்லாம் சுத்தி குந்திக்கினு இருக்காங்க. போனு ஸ்பீக்கர்ல கீது. அவரு மானம் போவாதா?”

இந்த மறுமொழியைத் தாண்டி என் ஆய்வு வெகுதூரம் செல்லவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். கூட்டம் என்றால் முகங்கள் சேர்வது என்றுதான் நான் நினைத்திருந்தேன். எங்கள் ஊர்ப் பெண்களுக்கு அது வீட்டை விட்டு வெளியே வருவது. மரத்தடிக்கு மாமனார் வருவதில்லை. காணொளியோ கூட்டத்தை வீட்டிற்குள் கொண்டுவந்து வைத்துவிட்டது. தபால்தலை அளவான சட்டத்தில் முகம் தெரிந்தது, காது தெரியவில்லை.

ஆய்வாளர் கூறுவன

ஒரு தெருவில் நடந்ததைக் கொண்டு உலகுக்குச் சட்டம் எழுதலாகாது. ஆகவே பிறர் செய்த ஆய்வுகளையும் தேடிப் படித்தேன்.

மிக நெருக்கமாகப் பொருந்தியது கொல்கத்தாவில் நடந்த ஒரு சோதனை. பைகன்பர்க், பீல்டு, பாண்டே என்னும் பொருளியலாளர் மூவர் நடத்தி 2013-இல் வெளியிட்டது. முதன்முறை நுண்கடன் பெறும் பெண்களின் குழுக்களுள் சிலவற்றை வாரந்தோறும், சிலவற்றை மாதந்தோறும் கூடச் செய்தனர். எக்குழு எவ்வகை என்பதைக் குலுக்கல்போல் முடிவு செய்தனர். இரண்டாம் கடனில் அனைவர்க்கும் ஒரே கால இடைவெளி. வாரந்தோறும் கூடிப் பழகியவர்கள், ஏறக்குறைய இரண்டு ஆண்டு கழிந்த பின்னும் ஒருவரையொருவர் அதிகம் சந்தித்தனர். இடரைப் பகிர்ந்துகொள்ள முன்வந்தனர். இரண்டாம் கடனில் தவணை தவறுவதும் அவர்களிடையே மூன்றில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது. கடன் ஒன்றே, விதி ஒன்றே. அடிக்கடி கூடியது ஒன்றுதான் வேறுபாடு. இது நேர்க்கூட்டத்தையும் காணொளியையும் ஒப்பிட்ட சோதனை அன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். நம்பிக்கை என்பது கூட்டத்திற்கு முன்பே இருக்க வேண்டிய சரக்கு மட்டுமன்று, கூடக்கூட விளைவதும் ஆகும் என்பதையே அது காட்டுகிறது.

நேரடி ஒப்பீட்டிற்கு மெலனி புருக்ஸ், ஜொனாத்தன் லெவாவ் இருவரும் 2022-இல் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வைப் பார்க்கலாம். 602 பேரை இருவர் இருவராய்ப் பிரித்து, ஒரு பொருளுக்குப் புதிய பயன்களைச் சிந்திக்கச் சொன்னார்கள். நேரில் அமர்ந்தவர்களுக்கு எண்ணங்கள் அதிகம் பிறந்தன. காணொளியில் இருந்தவர்களின் கண் திரையிலேயே ஒட்டிக்கொண்டது. அறையைச் சுற்றி அலையவில்லை. கண் அலையாதபோது மனமும் அலையவில்லை என்பது ஆய்வாளர் கருத்து. ஆனால் வந்த எண்ணங்களுள் சிறந்ததைத் தேர்ந்தெடுப்பதில் காணொளியினர் பின்தங்கவில்லை. வட்டி விளக்கம் எங்கள் காணொளியில் தவறாமல் சென்று சேர்ந்ததை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். வகுப்பில் சன்னல் வழியே பார்ப்பவனை இனியேனும் ஆசிரியர்கள் கடிந்துகொள்ளாதிருப்பாராக!

உரையாடலின் தாளமும் கெடுகிறது. ஒருவர் பேசி முடித்ததும் அடுத்தவர் தொடங்கும் இடைவெளி நேரில் சராசரி 135 மில்லி விநாடி, ஜூம் வழியே 487 மில்லி விநாடி என்று ஜூலி போலந்தும் அவர் குழுவினரும் 2021-இல் அளந்தனர். அரை விநாடிகூட இல்லையே என்று தோன்றும். ஆனால் ‘கடன் வேணுமா?’ என்ற வினாவிற்குப் பின் வரும் அமைதி தயக்கமா, இணைப்பின் தாமதமா என்று அறிய முடியாதபோது, கேட்டவர் அடுத்த பேச்சுக்குத் தாவிவிடுகிறார். நேரில் இருந்தால் தயங்குபவரின் முகத்தைப் பார்த்து இன்னொரு முறை கேட்டிருப்பார்.

சட்டம் இதை எவ்வாறு நோக்குகிறது என்பதும் சுவையானது. 2003-இல் மகாராட்டிர அரசு – பிரபுல் தேசாய் வழக்கில், காணொளி வழியே தோன்றும் சாட்சியும் குற்றம் சாட்டப்பட்டவரின் ‘முன்னிலையில்’ தோன்றியதாகவே கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2020-இல் நிறுவனங்களின் பங்குதாரர் கூட்டமும் காணொளியில் நடக்க இசைவு கிடைத்தது. ஆனால் அதே ஆண்டு அக்டோபர் 2 அன்று தமிழகத்தில் கிராம சபைகள் கூடவில்லை. பங்குதாரர் திரையில் கூடலாம், ஊரார் கூடுவது எப்படி? வரவு செலவு கேட்க எழுந்து நிற்பவர்க்குப் பின்னால் பத்துப்பேர் முணுமுணுத்தால்தான் அங்கே கேள்விக்கு வலிமை. ஒலியை அடைக்கும் பொத்தான் ஒருவர் கையில் இருக்கும் சபையை என்னால் எண்ணிப் பார்க்க முடியவில்லை.

மரத்தடியின் குறை

இதனால் மரத்தடியே சொர்க்கம் என்று நான் வாதிட வரவில்லை. எங்கள் குழுவில் இளம்பிள்ளை வாதத்தால் கால் நடக்கவியலாத அக்கா ஒருவர் உண்டு. நேர்க்கூட்டத்திற்கு அவரை யாராவது அழைத்து வர வேண்டும். வந்தாலும் ஓரத்தில் அமர்ந்து ஒன்றும் பேசமாட்டார். காணொளியில் அதிகம் பேசியவர் அவர்தாம்! வங்கி விவரங்களை முன்பே கேட்டறிந்து வந்து சொன்னவரும் அவர்தாம். மீண்டும் மரத்தடிக்கு வந்தபின் அவர் குரல் குறைந்துவிட்டது. இதை நான் என் தாயாரிடம் எடுத்துரைத்தபோது அவர் நெடுநேரம் பேசவில்லை. அதற்கடுத்த வாரம் முதல் மாதம் ஒரு கூட்டம் அந்த அக்கா வீட்டுத் திண்ணையில் நடக்கிறது.

மற்றொன்றையும் மறைக்காமல் எழுத வேண்டும். நம் பக்கத்துச் சிற்றூர்களில் குழுக்கள் பெரும்பாலும் தெருவாரியாக அமைந்தவை. தெருவோ சாதிவாரியாக அமைந்தது. ‘ஒருவரையொருவர் முன்பே அறிந்தவர்’ என்று மேலே நான் புகழ்ந்ததற்குள் இதுவும் அடங்கும். ஊருக்கும் காலனிக்கும் இடையே உள்ள தூரம் திரையில் இல்லை. குன்றின் மேல் நான் கேட்ட வகுப்பில் யார் எந்த வரிசை என்பதே கிடையாது. திரையின் பக்கம் உள்ள இந்த நியாயத்தைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. கைப்பேசி வாங்க முடியாதவன் அந்த வகுப்பிலேயே இல்லை என்பதும் உண்மை.

என் கணிப்பு இதுதான். குழுவின் மொழியிலேயே சொன்னால், நேரில் கூடுவது சேமிப்பு. காணொளியில் கூடுவது அச்சேமிப்பிலிருந்து எடுக்கும் கடன். சேமிப்பு உள்ளவர் சில காலம் எடுத்துச் செலவிடலாம். எங்கள் குழு முடக்கக் காலத்தில் உடையாமல் நின்றதற்கு, அதற்கு முன் பல ஆண்டு வெள்ளிக்கிழமைகள் கையிருப்பாக இருந்ததே காரணம். ஒருவரையொருவர் அறியாத பன்னிருவர் திரையிலேயே தொடங்கியிருந்தால் மூன்றாம் தவணைக்குள் கலைந்திருப்பர் என்று நான் கருதுகிறேன். முகம் தெரியாமலே இணையத்தில் பழகி ஆண்டுக்கணக்கில் நட்புப் பேணுவோர் உண்டே என்று நண்பர் ஒருவர் மறுத்தார். உண்டு. ஆனால் அவர்களும் எப்படியாவது ஒருநாள் நேரில் சந்திக்கத் திட்டமிட்டுக்கொண்டே இருக்கிறார்கள் அல்லவா?

இப்போது குழுவில் இரண்டும் நடக்கின்றன. வங்கிச் சீட்டின் படம், கூட்ட நேரம், தவணை நினைவூட்டல் எல்லாம் வாட்ஸ்அப்பில் வரும். கடன் பேச்சு மட்டும் அதில் கூடாது என்று அவர்களே ஒரு தீர்மானம் எழுதி வைத்திருக்கிறார்கள். அத்தையின் கம்மல் அடுத்த ஆண்டு பொங்கலுக்கு முன் மீட்கப்பட்டது, குழுக் கடனில்தான்.

நம் கல்லூரிக்கும் ஒன்று சொல்வேன். தொலைவிலுள்ள அறிஞர் திரையில் வரட்டும், அதில் தவறில்லை. ஆனால் கேட்கும் நாம் அவரவர் வீட்டில், அவரவர் கைப்பேசியில் ஏன் கேட்க வேண்டும்? ஒரே அறையில் ஒரே திரை முன் அமர்ந்து கேட்கலாமே. சென்ற மாதம் விடுதி நண்பர்கள் சிலரோடு அவ்வாறு ஓர் உரையைக் கேட்டேன். நடுவில் மின்சாரம் போய்விட்டது. உரை பாதியில் நின்றது. அவர் அடுத்து என்ன சொல்ல வந்திருப்பார் என்று வாதிட்டுக்கொண்டே வெளியே வந்தோம். செஞ்சிக்குச் செல்லும் கடைசிப் பேருந்து போயே விட்டது.